முன்விட்டையும் பின்விட்டையும்: கழுதை எருவை நாடுவாரியாக ஒப்பிடுவோர்க்கு ஒரு மறுப்பு

இது நீண்ட பதிவு. பொறுமை உள்ளோர் படிக்க. மறுப்பு உள்ளோர் கட்டாயம் படிக்க.

‘கழுதை விட்டையில் முன்விட்டை என்ன, பின்விட்டை என்ன’ என்பது நம் பழமொழி. இரண்டும் ஒன்றே, வேற்றுமை தேடி நேரத்தை வீணாக்காதே என்பது அதன் கருத்து. அண்மையில் ஓர் ஆய்வரங்கில் இப்பழமொழியைப் பொய்யாக்கும் வரைபடம் ஒன்றைக் கண்டேன். ஒரே எடையுள்ள இரண்டு கழுதைகள். ஒன்று இந்தியாவில் நிற்கிறது, மற்றொன்று பிரிட்டனில் நிற்கிறது. இரண்டின் எருவிலிருந்தும் ஓராண்டில் இழக்கப்படும் நைட்ரஜன் இரண்டு பட்டைகளாக வரையப்பட்டிருந்தது. இந்தியப் பட்டை பிரிட்டன் பட்டையைவிட 77 விழுக்காடு உயரம். அதன்கீழ் எழுதப்பட்டிருந்த முடிவு: ‘இந்தியாவில் எரு மேலாண்மை பின்தங்கியுள்ளது.’

கேள்வி நேரத்தில் எழுந்து, எந்த ஊர்க் கழுதையின் எருவை எடுத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். அளக்கவில்லை, பன்னாட்டு வழிகாட்டியின் இயல்புநிலை மதிப்புகளைப் பயன்படுத்தினோம் என்று விடை வந்தது. அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர், “மொழியியல் படிப்பவருக்கு எருவில் என்ன வேலை?” என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் விடை தோன்றியது. அந்த விடையே இப்பதிவு.

அந்த மாணவரை நான் குறை கூறவில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டதை அவர் செய்தார். என் வழக்கு கற்பித்தவர்களோடு. என் கூற்று இதுதான்: கழுதை எருவின் நைட்ரஜன் இழப்பை இரு நாடுகளுக்கிடையே ஒப்பிடுவதாகச் சொல்லும் இத்தகைய வரைபடங்கள் கழுதைகளை ஒப்பிடவில்லை, எருவை ஒப்பிடவில்லை, நாடுகளையும் ஒப்பிடவில்லை. ஓர் அட்டவணையின் இரண்டு நெடுவரிசைகளை ஒப்பிடுகின்றன. அந்த நெடுவரிசைகளின் வேற்றுமையோ பெரும்பாலும் ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே மொழியியலாருக்கு இங்கே வேலை உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடைக் குழு, அதாவது ஐ.பி.சி.சி., 2006இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகளின் நான்காம் தொகுதியில் கால்நடைகள் வெளியேற்றும் நைட்ரஜனுக்கு ஓர் அட்டவணை உண்டு. சொந்த அளவீடு இல்லாத நாடுகள் அதிலிருந்து எண்ணை எடுத்துக்கொள்ளலாம். குதிரை, கோவேறு கழுதை, கழுதை மூன்றுக்கும் அதில் ஒரே வரிசை. 1,000 கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு மேற்கு ஐரோப்பாவில் 0.26 கிலோ நைட்ரஜன், ஆசியாவில் 0.46 கிலோ. கழுதையின் எடை எல்லா நாட்டுக்கும் 130 கிலோ. பெருக்கிப் பாருங்கள். ஓராண்டில் ஐரோப்பியக் கழுதை 12.3 கிலோ நைட்ரஜனை வெளியேற்றுகிறது, ஆசியக் கழுதை 21.8 கிலோவை வெளியேற்றுகிறது.

அடுத்து இழப்பு. எருவைக் குவியலாகச் சேர்த்துவைத்தால் இவ்வகை விலங்குகளுக்கு மொத்த நைட்ரஜன் இழப்பு 15 விழுக்காடு என்கிறது அதே வழிகாட்டி. இந்த 15 விழுக்காடு எல்லா நாட்டுக்கும் பொது. அதாவது இழப்பு விகிதத்தில் நாட்டு வேற்றுமை என்பதே அட்டவணையில் கிடையாது. ஐரோப்பியக் கழுதைக்கு 1.85 கிலோ, ஆசியக் கழுதைக்கு 3.27 கிலோ என்று விடை வருவதற்கு ஒரே காரணம், தொடக்கத்தில் இட்ட 0.26உம் 0.46உம். 77 விழுக்காடு உயரம் முழுவதும் அங்கிருந்து வந்தது. ‘எரு மேலாண்மை பின்தங்கியுள்ளது’ என்ற முடிவுக்கு மேலாண்மையைப் பற்றிய ஒரே ஓர் எண்கூடச் சான்றாக நிற்கவில்லை. எருவை எவ்வாறு வைத்தார்கள் என்ற கேள்வியே எழாத கணக்கிலிருந்து, எருவை வைக்கத் தெரியவில்லை என்ற தீர்ப்பு வெளிவந்திருக்கிறது.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். பிரிட்டனில் கழுதைகள் பெரும்பாலும் தோழமைக்காக வளர்க்கப்படுபவை. குளிர்காலத்தில் தொழுவத்தில் வைக்கோல் படுக்கைமேல் நிற்பவை. படுக்கையை மேல்மேலாகச் சேரவிடும் முறைக்கு அதே வழிகாட்டி தரும் இழப்பு 35 விழுக்காடு. இப்போது ஐரோப்பியக் கழுதையின் இழப்பு 4.3 கிலோ ஆகிறது, ஆசியக் கழுதையை முந்திவிடுகிறது. ‘குவியல்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘படுக்கை’ என்ற சொல்லைத் தேர்ந்ததும் பின்தங்கிய நாடு மாறிவிட்டது. கழுதைகள் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

இந்த எண்களுக்கு ஐயப்பாட்டு எல்லை 50 விழுக்காடு வரை இருக்கலாம் என்று வழிகாட்டியே சொல்கிறது. அதைப் பொருத்தினால் ஆசியக் கழுதை 10.9 முதல் 32.7 கிலோ வரை, ஐரோப்பியக் கழுதை 6.2 முதல் 18.5 கிலோ வரை எங்கும் இருக்கலாம். இரண்டு வீச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று கவிகின்றன. அந்த வரைபடத்தில் ஐயப்பாட்டுக் கோடுகள் இல்லை.

சரி, 0.46 உண்மையாகவே இருக்கக்கூடாதா? நம் கழுதை அவ்வளவு நைட்ரஜனை வெளியேற்றக்கூடாதா? வெளியேறுவது உள்ளே போனதைவிட மிகாது. இதுவும் அவ்வழிகாட்டியின் சமன்பாடுதான். ஆண்டுக்கு 21.8 கிலோ நைட்ரஜன் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 375 கிராம் புரதம். 130 கிலோ கழுதை தன் எடையில் 2 விழுக்காடு உலர்தீவனம் தின்கிறது என்று கொள்வோம், அதாவது 2.6 கிலோ. அப்படியானால் அத்தீவனத்தில் புரதம் 14 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். நெல் வைக்கோலில் 4 விழுக்காட்டின் அக்கம்பக்கம்தான் இருக்கும். 14 என்பது குதிரைமசாலை நெருங்கும் தீவனம். துணி மூட்டையும் செங்கல்லும் சுமந்துவிட்டு மாலையில் அவிழ்த்துவிடப்பட்டு, தாளடியையும் வேலியோரப் புல்லையும் சுவரொட்டிக் காகிதத்தையும் தின்னும் நம் கழுதைக்கு அட்டவணை நாள்தோறும் குதிரைமசால் ஊட்டுகிறது. ஐரோப்பியக் கழுதைக்கு அதே கணக்கு 8 விழுக்காட்டுப் புரதத்தைத் தருகிறது. அது நல்ல புல்லின் அளவு, நம்பக்கூடியது. குறைந்த புரதத்திலும் யூரியாவை உடலுக்குள்ளேயே மறுசுழற்சி செய்து நைட்ரஜனைச் சிக்கனமாகக் கையாள்வது கழுதையின் புகழ்பெற்ற இயல்பு. அச்சிக்கன விலங்கின் தலையில் ஊதாரிப் பட்டத்தைக் கட்டியிருக்கிறோம்.

அப்படியானால் 0.46 எங்கிருந்து வந்தது? 1996ஆம் ஆண்டு வழிகாட்டியைத் திறந்தேன். அங்கே கழுதைக்குத் தனி வரிசை இல்லை. ‘பிற விலங்குகள்’ என்று ஒரு வரிசை. மேற்கு ஐரோப்பாவுக்குத் தலைக்கு ஆண்டொன்றுக்கு 25 கிலோ, ஆசியாவுக்கு 40 கிலோ. இப்போது 2006ஆம் ஆண்டு அட்டவணையில் வளரும் நாட்டுக் குதிரையின் எடையான 238 கிலோவை 0.46ஆல் பெருக்கி ஆண்டுக் கணக்காக்குங்கள். 39.96 வருகிறது. பழைய 40தான் உடல் எடையால் வகுக்கப்பட்டுப் புதிய உடையில் வந்து நிற்கிறது. செம்மறிக்கும் இதே கதை. 1996இல் ஆசியச் செம்மறிக்கு 12 கிலோ. 2006இல் 28 கிலோ எடைக்கு 1.17 என்ற வீதம். பெருக்கினால் 11.96.

அந்தப் பழைய அட்டவணையில் மற்றொரு புதிர் உண்டு. கறவை மாட்டுக்கு மேற்கு ஐரோப்பாவில் 100, ஆசியாவில் 60. செம்மறிக்கு அங்கே 20, இங்கே 12. ஐரோப்பிய விலங்கு மிகுதியாகத் தின்கிறது, மிகுதியாக வெளியேற்றுகிறது. இயல்பான வரிசை இது. ‘பிற விலங்குகள்’ வரிசையில் மட்டும் தலைகீழ், அங்கே 25, இங்கே 40. ஏன்? என் ஊகத்தை ஊகம் என்றே சொல்லி வைக்கிறேன். ‘பிற’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் இல்லை. எதைப் பெயரிட்டு எண்ணி முடித்தோமோ அதைத் தவிர்த்து எஞ்சியதே அதன் பொருள். ஐரோப்பாவில் எஞ்சுவன ஆடும் குதிரையும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எஞ்சுவனவற்றுள் எருமையும் ஒட்டகமும் உண்டு. எருமைக்கு 40 பொருந்தலாம். எருமைக்காக இடப்பட்ட எண், ‘பிற’ என்ற பொதுப்பெயரின் நிழலில் குதிரைக்குப் போய், குதிரையோடு ஒரே வரிசையில் கட்டப்பட்ட கழுதைக்கும் வந்து சேர்ந்தது. என் ஊகம் தவறெனில், 40க்கான வேறு தோற்றத்தைக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்வேன். காட்டும் வரை, நம் கழுதையின் நைட்ரஜன் ஒரு சொல்லின் பொருள் மயக்கத்தால் பெருத்தது என்றே கருதுவேன்.

இனி என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். நான் பாலக்காட்டு எல்லையில், சித்தூர் வட்டத்தில், வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளர்ந்தவர்களுள் ஒருவர். முதுகலை முடித்த ஆண்டு, கால்நடை எருவைப் பற்றிய வினாப்பட்டியல் ஒன்றைத் தமிழாக்கித் தரும் பணி கிடைத்தது. ஆங்கில மூலத்தில் எருவைக் குறிக்க, விலங்குகளின் வேண்டாப் பொருள் என்ற பொருள்தரும் தொடர் இருந்தது. நான் ‘கால்நடைக் கழிவு’ என்று எழுதினேன். ‘உங்கள் கால்நடைக் கழிவை எவ்வாறு அகற்றுகிறீர்கள்?’ இலக்கணப் பிழை இல்லை. அகராதி ஏற்கும். மூலத்துக்கும் உண்மையாக இருந்தது.

வினாப்பட்டியலோடு சென்றவர்களுள் நானும் ஒருவர். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பெரியம்மா கேள்வியைக் கேட்டுவிட்டு, “எங்ககிட்ட கழிவெல்லாம் ஏதுங் கண்ணு? எருதான் இருக்குது” என்றார். அவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு எருக்குவியல். நான் படிவத்தைப் பார்த்தேன். ‘எரு’ என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. அகற்றும் முறை என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்தேன். அன்று மட்டும் எத்தனை வீடுகளில் அவ்வாறு குறித்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. கழிவு என்பது கணக்கில் கழிக்கப்படுவது. எரு என்பது நிலத்தில் சேர்க்கப்படுவது. கழித்தலையும் கூட்டலையும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்தேன். கண்முன் நின்ற குவியல் சுழியம் ஆயிற்று. அத்தகைய சுழியங்கள் நிறைந்த இடத்தில்தான் ‘நாட்டளவில் தரவு இல்லை’ என்ற குறிப்பு எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பின் வழியாகத்தான் இயல்புநிலை மதிப்பு உள்ளே நுழைகிறது. தரவு இல்லாமையும் செய்யப்பட்ட ஒன்றே. செய்தவர்களுள் நான் ஒருவர்.

பின்னர் முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக எல்லைப்புற வேளாண் சொற்களைத் தொகுக்க இறங்கியபோது வேறு விதமாகக் கேட்கக் கற்றேன். மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் பிழுக்கை, கழுதைக்கு விட்டை, யானைக்கு இலத்தி, பறவைக்கு எச்சம் என்று ஒவ்வொன்றையும் தனியே பெயரிட்ட மொழி இது. எங்கே சேர்ந்தது என்பதற்கும் தனிச்சொற்கள்: எருக்குழி, குப்பைமேடு, தொழு, பட்டி, கிடை. வட்டவடையில் ஒருவரிடம் கிடை மறிப்பதைப் பற்றிக் கேட்டேன். இரவில் ஆடுகளை வயலில் அடைத்து எருவையும் மூத்திரத்தையும் நேரே நிலத்தில் விழச்செய்யும் முறை அது. “மறுநாளே ஓட்டிப்புடணும். விட்டா வெயிலு தின்னுரும். மழைக்காலமுன்னா மழை குடிச்சுரும்” என்றார்.

வெயில் தின்பது, மழை குடிப்பது. வேதியியல் நூல்களில் இவ்விரண்டுக்கும் பெயருண்டு. மூத்திரத்தில் உள்ள யூரியாவைச் சாணத்தில் உள்ள யூரியேஸ் நொதி சில மணி நேரத்திலேயே உடைக்கத் தொடங்குகிறது. பிறக்கும் அம்மோனியா, வெப்பமும் காற்றும் கூடக்கூட விரைந்து வானில் கலக்கிறது. மண்ணுக்குள் புதைத்துவிட்டால் மண்துகள் அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மறுநாளே உழவு. இது வெயில் தின்பது. எஞ்சியது நைட்ரேட்டாக மாறி, நீரோடு வேர்களுக்குக் கீழே இறங்கிப்போவது மழை குடிப்பது. நனைந்தும் நனையாமலும் கிடக்கும் குவியலில் மூன்றாவது ஒன்றும் நிகழ்கிறது. நைட்ரேட்டு சிதைந்து நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது. எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு அது. அதற்கு அவரிடம் சொல் இல்லை. கண்ணுக்கும் மூக்கிற்கும் எட்டாததற்குச் சொல் இல்லாதது இயல்பு. எட்டிய இரண்டிற்கும் அவர் சொல் வைத்திருக்கிறார், தடுக்கும் வழியும் வைத்திருக்கிறார். என் வினாப்பட்டியலில் இரண்டிற்கும் கட்டம் இல்லை.

இப்போது ‘இரு நாடுகள்’ என்ற தொடருக்கு வருவோம். இழப்பைத் தீர்மானிப்பவை தீவனம், வெப்பம், காற்று, மழை, எருவை வைக்கும் முறை. இவற்றுள் எதுவும் கடவுச்சீட்டு வைத்திருப்பதில்லை. தேவிகுளம் வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூணாற்றில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், அதே வட்டத்தில், மறையூரைத் தாண்டிய சின்னாற்றில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். அட்டப்பாடியில் முக்காலிப் பக்கம் ஒரு மழை, ஆனைகட்டிப் பக்கம் வேறு மழை. நிலத்திலிட்ட நைட்ரஜனில் 30 விழுக்காடு நீரோடு இறங்கும் என்று 2006ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. ஆனால் மழை மிகுந்த நிலத்துக்கு அல்லது பாசன நிலத்துக்கு மட்டுமே அது பொருந்தும். வறண்ட நிலத்துக்குச் சுழியம் என்று அதே வழிகாட்டி பிரிக்கிறது. அதாவது மூணாற்றில் 30, சின்னாற்றில் 0. ஒரே நாடு, ஒரே மாநிலம், ஒரே வட்டம், ஒரே பேருந்து. இந்த இரண்டையும் கலந்து ‘இந்தியா’ என்று ஒரு பட்டை வரைந்து, அதை டெவனும் ஸ்காட்லாந்தும் கலந்த ‘பிரிட்டன்’ என்ற பட்டையோடு பக்கத்தில் நிறுத்துவதால் யாருக்கு என்ன தெரியவருகிறது?

எங்கள் எல்லையில் ‘நாடு’ என்பதற்கே வேறு பொருள். முதியவர்கள் இன்றும் மலையாள நாட்டுக்குப் போனேன், தமிழ்நாட்டிலிருந்து வந்தேன் என்பார்கள். போடிநாயக்கனூர் மலைகளில் கழுதைகள் சுமையேற்றி நடந்த காலத்தை எஸ். செந்தில்குமார் ‘கழுதைப்பாதை’ என்ற நாவலாகவே எழுதியிருக்கிறார். கீழ்நாட்டில் தின்ற புல் மேல்நாட்டில் விட்டையாக விழுந்த பாதைகள் அவை. அதன் நைட்ரஜன் எந்த நாட்டின் கணக்கு? கழுதையின் காலம் போய் இன்று லாரிகள் ஏறுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைமாட்டு எருவும் ஆட்டெருவும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. வறண்ட மேய்ச்சல் நிலம் ஆண்டு முழுவதும் சேர்த்த நைட்ரஜன், பெருமழை நிலத்தின் சரிவில் கொட்டப்படுகிறது. மூடாத குவியல் ஒன்று தென்மேற்குப் பருவமழையில் நனைந்தால் மழை எவ்வளவு குடிக்கும்? இந்தக் கேள்விக்கு உழவருடைய பணமும் தோட்டக்காரருடைய பணமும் கீழே ஓடும் ஓடையின் நீரும் விடைக்காகக் காத்திருக்கின்றன. இங்கே மலையாளத்தில் உரத்துக்கு ‘வளம்’ என்று பெயர். கீழ்நாட்டார் ‘எரு’ என்று விற்க, மேல்நாட்டார் ‘வளம்’ என்று வாங்குகிறார்கள். இரு சொல்லிலும் மதிப்பு உண்டு. ஆய்வாளர் எழுதும்போதுதான் அது ‘கழிவு’ ஆகிறது.

மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதல் மறுப்பு: கழுதைகள் எத்தனை இருக்கின்றன, இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்? உண்மைதான். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கழுதைகள் 1.24 லட்சம். 2012இலிருந்து 61 விழுக்காடு வீழ்ச்சி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை இங்கே உவமை அன்று, எண்ணிக்கை. 21.8 கிலோ என்று கொண்டால் நாடு முழுவதும் ஏறத்தாழ 2,700 டன் நைட்ரஜன், 12.3 என்று கொண்டால் ஏறத்தாழ 1,530 டன். நாம் ஆண்டுதோறும் வயலில் இடும் இரசாயன நைட்ரஜன் ஏறத்தாழ 2 கோடி டன். அதன் முன் இது தூசு. ஆனால் கழுதைக்கு எண் வந்த அதே அட்டவணையிலிருந்துதான் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் எண் வந்தது. அதே கணக்கெடுப்பில் வெள்ளாடுகள் 14.88 கோடி, செம்மறிகள் 7.42 கோடி. கழுதையில் பிழை எளிதில் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. தூசில் தெரிந்த பிழையை மலையில் தேட வேண்டாமா?

இரண்டாம் மறுப்பு: இயல்புநிலை மதிப்பைப் பயன்படுத்த வழிகாட்டியே அனுமதிக்கிறதே. ஆம், ஒரு நாடு தன் உமிழ்வைத் தொகுத்து அறிக்கை தருவதற்கு, வேறு வழியில்லாதபோது. ஒப்பிட்டு இன்னார் பின்தங்கியவர் என்று தீர்ப்பெழுதுவதற்கு அன்று. அளவீடு கிடைக்கும்போது அதைப் பயன்படுத்தச் சொல்வதும் அதே வழிகாட்டிதான். ஊன்றுகோலைக் கொடுத்தவர் அதைக் கொண்டு ஓட்டப்பந்தயம் வைக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் மறுப்பு நம்மவரிடமிருந்து வரும்: இதெல்லாம் மேலைநாட்டுச் சூழ்ச்சி, நம் முன்னோர் அனைத்தும் அறிந்தவர். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். ‘பிற விலங்குகள்’ என்று ஒதுக்கியதில் நாம் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்று 1038ஆம் குறளில் சொன்ன மரபு நம்முடையது. பகைவர் ஊரை இழிவுபடுத்தக் கழுதை பூட்டி உழுததைப் புறநானூற்றின் 15ஆம் பாடலில் பெருமையாகப் பாடியதும் அதே மரபுதான். மாட்டுச் சாணத்துக்கு வாசலில் இடமுண்டு. கழுதை விட்டைக்குப் பழமொழியில் மட்டுமே இடம், அதுவும் இகழ்ச்சியாக. நான் சென்ற ஊர்களில் எவரும் கழுதை விட்டையை ‘எரு’ என்று தாமாகச் சொல்லவில்லை. தூண்டிக் கேட்டபின், “அதுவும் குப்பையோட குப்பையாப் போகும்” என்றார்கள். நார் மிகுந்த, நைட்ரஜனை மெல்ல விடுவிக்கும் நல்ல எரு அது. அதை எருவென்று சொல்ல நா எழாததற்கு வேதியியல் காரணம் இல்லை. அந்த விலங்கை வைத்துப் பிழைத்தவர்கள் யார், அவர்களை ஊர் எங்கே நிறுத்தியது என்பதே காரணம். சலவைத் தொழிலாளியின் கழுதையை ஊர் கணக்கில் சேர்க்கவில்லை, பன்னாட்டு அட்டவணை குதிரையின் வாலில் கட்டியது. இரண்டும் ஒன்றுக்கொன்று உதவி செய்துகொண்டன.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று, இயல்புநிலை மதிப்புகளால் வரைந்த ஒப்பீட்டின் தலைப்பிலேயே ‘இது அளவீடு அன்று’ என்று எழுதுங்கள். ஐயப்பாட்டுக் கோடுகளை வரையுங்கள். வரைந்தபின் பட்டைகள் கவிந்தால் முடிவுரையை எழுதாதீர்கள். நெறியாளர்களே, எழுதவிடாதீர்கள்.

இரண்டு, வினாப்பட்டியலைத் தமிழாக்கியபின் அதை ஊரில் ஒருவரிடம் படித்துக்காட்டி, அவர் புரிந்துகொண்டதை அவர் சொல்லால் திரும்பக் கேளுங்கள். ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகலை நான் செலவிட்டிருந்தால் என் படிவங்களில் சுழியங்கள் வந்திரா.

மூன்று, அளப்போம். இது பெருஞ்செலவு பிடிக்கும் வேலை அன்று. எருவில் உள்ள பாஸ்பரஸ் ஆவியாகாது. குவியலை ஒழுகாத தளத்தின்மேல் வைத்து, வடியும் நீரையும் பிடித்துவைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், காற்றில் போனது எவ்வளவு, நீரில் போனது எவ்வளவு என்று பிரித்தறியலாம். ஜெல்டால் முறையில் நைட்ரஜனைக் காணும் ஆய்வகம் கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உண்டு, திருச்சூரில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் உண்டு. பாலக்காடு இரண்டிற்கும் நடுவில் இருக்கிறது. ஏலக்காட்டின் நடுவே பாம்பாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சின்னாற்றுப் பக்கம் ஒரு குவியல், மூணாற்றுப் பக்கம் ஒரு குவியல், மூடியது ஒன்று, மூடாதது ஒன்று. ஒரே கழுதையின் விட்டை, ஒரே தீவனம். ஒரு பருவமழைக் காலம். பிரிட்டனோடு ஒப்பிடுவதைவிட இது நமக்கு மிகுதியாகக் கற்பிக்கும். அதன்பின் பிரிட்டனில் அளந்தவர்களோடு உட்கார்ந்து ஒப்பிடலாம், சமமாக.

மொழியியலாருக்கு எருவில் என்ன வேலை என்று கேட்ட ஐயாவுக்கு: படிவத்தில் ‘கழிவு’ என்று எழுதியது மொழி தெரிந்த நான். அதைத் திருத்தும் வேலையும் எனக்கே உரியது. சென்ற மாதம் கொழிஞ்சாம்பாறைக்கு மீண்டும் சென்றேன். பெரியம்மா என்னை மறந்திருந்தார். எருக்குவியல் அதே இடத்தில் இருந்தது, மேலே தென்னங்கீற்று மூடியிருந்தது. ஏன் மூடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். “மழ வருதில்லீங்களா” என்றார். குறித்துக்கொண்டேன். இம்முறை படிவம் என்னுடையது. அதில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

எண்ணில் பிழை கண்டால் கீழே சுட்டுங்கள், திருத்துகிறேன். கழுதையோ குவியலோ தர முன்வருவோர் தனிச்செய்தி அனுப்புக.